பிழைகளை வரிசையில் நிறுத்துபவர்

உலகத்தில் வேலை செய்பவர்கள் ஒரு வகை, வேலை செய்யாதவர்கள் இன்னொரு வகை என்று இத்தனை நாள் நினைத்திருந்தீர்களானால், மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதை உங்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். இவர் வேலை செய்பவரும் அல்லர், செய்யாதவரும் அல்லர். எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதை இரண்டாவதாக, எதை மழைக்காலம் கழித்து, எதை அடுத்த வருடம், எதை யாராவது மறுபடி கேட்டால் மட்டும் என்று வரிசைப்படுத்துபவர். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை அசராமல் வரிசைப்படுத்துவார். வரிசைப்படுத்திய களைப்பில் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொள்வார். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வேலையும் ஆகியிருக்காது. ஆனால் அது எவ்வளவு அழகாக ஆகாமல் இருக்கும் தெரியுமா?

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு, எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஆனாலும் இது கொழுத்துச் செழித்து வளர்வது கட்டற்ற மென்பொருள் என்கிறோமே, யாரும் சம்பளம் வாங்காமல், ஆளுக்கொரு கை போட்டு எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே கொடுத்துவிடுகிற மென்பொருள், அந்த மண்ணில்தான். அங்கே முதலாளி கிடையாது, மேலாளர் கிடையாது, யாரும் யாரையும் வேலை வாங்க முடியாது. மென்பொருளில் இருக்கும் பிழைகளின் பட்டியல் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று ஒரு நாள் யாரோ சொல்வார்கள். மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். நம்மவர் மட்டும் தொண்டையைச் செருமுவார். அன்றிலிருந்து பட்டியல் அவருடையது.

எங்களுக்கு வாய்த்தவரின் பெயர் எவுசேபியோ ஓவேலார். தலைநகர் அசுன்சியோனை ஒட்டிய லம்பாரேயில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், ஐம்பத்திரண்டு வயது, வாரநாட்களில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் உத்தியோகம். எங்கள் மென்பொருளுக்குக் குய்ரா என்று பெயர், எங்கள் குவரானி மொழியில் பறவை. சின்ன ஊர்களின் வானொலி நிலையங்களுக்காக எழுதியது. பாட்டு, செய்தி, அறிவிப்பு எல்லாவற்றையும் நேரம் குறித்து முந்தின நாளே ஊட்டிவிட்டால், மறுநாள் அது தானாக ஒலிபரப்பும். ஆற்றின் மேல்புறத்திலும் சாக்கோ வறண்ட காட்டுப்புறத்திலுமாக நாற்பது நிலையங்கள் இதை நம்பி இருக்கின்றன. நாங்கள் ஐந்து பேர். நிமியா ரெகால்தே நிரல் எழுதுவாள். இரண்டு பேர் சோதித்துப் பார்ப்பார்கள். நான் குவரானியில் மொழிபெயர்ப்பேன். புதிய பதிப்பு வரும்போது அதற்கான அறிக்கையையும் எழுதுவேன். எவுசேபியோ வரிசைப்படுத்துவார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருடமாக ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. மாமரத்தடியில் நாற்காலி போடுவது அவர், முனைக்கடை மூலிகைக்காரியிடம் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் இடித்து வாங்கி வந்து தெரெரே என்கிற எங்கள் பச்சிலைப் பானத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் தயார் செய்வது அவர், சூடு ஆறாத சீப்பா ரொட்டிகளைத் துணியில் சுற்றி வைப்பதும் அவர். தாய் மாதிரி உபசரிப்பார். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறப்பார் பாருங்கள், அங்கேதான் ஆரம்பிக்கும் கிரகசாரம்.

எல்லாப் பிழைக்கும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். சிவப்பு என்றால் இதைச் சரிசெய்யாமல் புதிய பதிப்பை வெளியிடக் கூடாது. மஞ்சள் என்றால் முக்கியம். சாம்பல் என்றால் செய்தால் நல்லது. வெள்ளை என்றால் விவாதிக்க வேண்டும். இந்த நாலோடு நின்றிருந்தால் நாங்களும் பிழைத்திருப்போம். விவாதிக்க வேண்டுமா என்பதை முடிவுசெய்ய வேண்டிய பிழைகளுக்கு இளநீலம் என்று ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். இளநீலத்தின் சாயல் வெள்ளைக்கு மிக அருகில் இருக்கிறது, கண் கெட்டவர்களுக்குத் தெரியாது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசினோம். அந்த விவாதமும் ஒரு பிழையாகப் பட்டியலில் ஏறி, அதற்கும் ஒரு லேபிள் ஒட்டப்பட்டது. என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? இளநீலம்.

லேபிளை மனம்போனபடி ஒட்டுவார் என்று நினைத்தீர்களானால் அவரை நீங்கள் அறியவில்லை. கணக்கு வைத்திருந்தார். ஒரு பிழை எத்தனை பயனர்களைப் பாதிக்கிறது, எத்தனை பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள், எத்தனை கடுமையானது என்று மூன்றையும் பெருக்கி வரும் எண்ணை வைத்துத்தான் முன் பின். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? எங்களுக்கும் இருந்தது. அந்தக் கணக்கின்படி எங்கள் பட்டியலின் முதல் இடத்தில் இரண்டு வருடம் ராஜாவாக வீற்றிருந்த பிழை, இருட்டுப் பின்னணியில் ஒரு பொத்தான் கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது என்பது. நூற்று நாற்பது கட்டைவிரல்கள். அவர்களில் யாரிடமும் வானொலி நிலையம் கிடையாது. பாதிப் பேர் குய்ராவை இறக்கி, திறந்து, பொத்தானைப் பார்த்து, மூடியவர்கள். வானொலி நிலையம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டைவிரல் உயர்த்த எங்கே நேரம்? அவர்கள் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் பட்டியலில் புதிதாக ஒரு பிழை வந்து சேர்ந்தது. எழுதியவர் ஞா தெயோலிந்தா. எங்கள் ஊரில் ஐயாவுக்குத் தோன், அம்மாளுக்கு ஞா. ஆற்றின் மேல்புறத்தில் புவெர்த்தோ கரந்தா என்ற படகுத்துறையில் பள்ளி ஆசிரியை, மற்ற நேரத்தில் அந்த ஊர் வானொலியும் அவரேதான். வருடா வருடம் மார்ச்சில் கோடை முடிகிறபோது நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்போம் அல்லவா, இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று அக்டோபரில்தான் சட்டம் வந்திருந்தது. நாட்டுக்குத் தெரிந்துவிட்டது, குய்ராவுக்குத் தெரியவில்லை. அதன் வயிற்றுக்குள் பழைய அட்டவணை ஒன்று இருக்கிறது, மார்ச் இருபத்துமூன்றாம் தேதி அது தன்னிச்சையாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், ஐந்து மணி அறிவிப்பு ஆறு மணிக்குத்தான் ஒலிக்கும் என்று அந்த அம்மாள் தெளிவாக எழுதியிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தாராம்? தன் கணினியின் தேதியை முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தாராம். இத்தனை வருடத்தில் இப்படித் தெளிவாக ஒருவர் பிழை எழுதி நான் பார்த்ததில்லை.

எவுசேபியோ மஞ்சள் ஒட்டினார். முக்கியம். கீழே, "தகவலுக்கு நன்றி, கவனத்தில் கொண்டோம்" என்று எழுதினார். இந்த இனத்தின் தேசிய கீதம் அது.

பிப்ரவரியில் அம்மாள் மறுபடி எழுதினார். படகு எந்த நேரத்துக்கு வரும் என்பது ஆற்றுக்கும் சரக்குக்கும் மாலுமிக்கும்தான் வெளிச்சம். முந்தின நாள் மாலை மாலுமி நிலையத்துக்குத் தகவல் சொல்வார், மறுநாள் விடியற்காலை ஐந்து மணி அறிவிப்பைக் கேட்டுத்தான் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள், உள்ளே இருக்கும் பண்ணைகளில் தொலைபேசி எடுக்காது. மார்ச் இருபத்துமூன்று ஞாயிற்றுக்கிழமைப் படகில் ஒன்பது பேர் கன்செப்சியோன் நகரத்துக்குக் கண் அறுவைக்குப் போகிறார்கள், எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த முறை, திங்கட்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும், அதனால் தயவுசெய்து இதை மார்ச் மாதப் பதிப்பிலேயே பார்த்துக்கொடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒன்பது பேரின் பெயரையும் எழுதியிருந்தார். ஏன் எழுதினார் என்று தெரியவில்லை. எங்களுக்கு யாரையும் தெரியாது. ஆனால் அந்தப் பெயர்களைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

நிமியா அன்று மத்தியானமே திருத்தத்தை எழுதிவிட்டாள். ஒரே ஒரு வரி. பழைய அட்டவணையைப் பார்க்காதே, கணினியின் கடிகாரத்தைப் பார் என்று சொல்லும் வரி. எழுதிச் சேர்க்கப் போனால் கதவு பூட்டியிருந்தது. வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கும்போது எவுசேபியோ "உறைவு" அறிவித்துவிடுவார். அதற்குப் பிறகு சிவப்பு லேபிள் உள்ள பிழைக்கான திருத்தம் மட்டும்தான் உள்ளே போகலாம். மஞ்சளும் போகலாம், ஆனால் இரண்டு வெவ்வேறு கணினிகளில் பிழை நடந்ததாக இரண்டு பேர் உறுதிசெய்ய வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். நிமியா தன் மடிக்கணினியை மேசைமேல் வைத்து, தேதியை மார்ச் இருபத்துமூன்று என்று மாற்றி, ஐந்து மணிக்கு ஒலிக்க வேண்டிய அறிவிப்பு ஒலிக்காமல் ஆறுக்கு ஒலிப்பதை எங்கள் கண்முன் காட்டினாள். எவுசேபியோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது நீயா தேதியை மாத்தி நடக்க வச்சது. தானா நடந்ததுன்னு யாரும் இன்னும் சொல்லலையே."

"தோன் எவுசேபியோ, அது தானா நடக்கறது மார்ச் இருபத்துமூணு. நம்ம வெளியீடு மார்ச் பத்தொம்போது. நடந்தப்புறம் எதுக்கு உறுதி பண்றது?"

"அதத்தான் நானும் சொல்றேன். இன்னும் நடக்காததுக்கு நாம சட்டத்த மீற முடியாது. இன்னிக்கு இதுக்கு மீறினா, நாளைக்கு எல்லாரும் எதிர்காலத்துலேர்ந்து பிழை கொண்டாருவாங்க."

அவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. எங்களுக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. சோதித்துப் பார்க்கும் இருவரில் ஒருவர், ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்தானே என்று முனகினார். நான் சீப்பாவைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிமியா விடவில்லை. ஒன்பது பேர் படகை விட்டுவிடுவார்கள், கண் அறுவை, அம்மாள் பெயர் பெயராக எழுதியிருக்கிறார் என்றாள். எவுசேபியோ கணக்கைத் திறந்தார். பாதிக்கப்படும் பயனர்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது.

"ஒம்போதுன்னு போடுங்க," என்றாள் நிமியா.

"எப்படிம்மா போடறது? குய்ராவை உபயோகிக்கறது அந்த டீச்சரம்மா ஒருத்தங்க. மத்த ஒம்போது பேரு பயனர் இல்ல, கேக்கறவங்க. கேக்கறவங்களுக்கு நம்ம கணக்குல கட்டம் இல்ல. வேணும்னா அதுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாமான்னு அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கையோடு அதற்கு ஓர் இளநீல லேபிளும் ஒட்டினார். அப்போது எல்லோரும் மாறி மாறி உறிஞ்சும் தெரெரே கொம்புக் குவளை சுற்றி நிமியாவிடம் வந்தது. எங்கள் ஊரில் கொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி என்னைச் சுற்றில் சேர்க்காதே என்று பொருள். வெயில் கொளுத்தும் பிப்ரவரியில் முதல் சுற்றில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நிமியா ஒரு வாய் உறிஞ்சினாள். கொம்பை அவர் கையில் கொடுத்தாள். "நன்றி, தோன் எவுசேபியோ," என்றாள்.

அவர் முகம் விழுந்துபோனது. மெய்யாகவே வருந்தினார். புதினா அதிகமாகப் போட்டுவிட்டேனா என்று கேட்டார்.

வெளியீடு நெருங்க நெருங்க இந்த இனத்துக்கு ஒரு களை வரும் பாருங்கள், அதை விலை கொடுத்து வாங்க முடியாது. நடையில் ஒரு துள்ளல், குரலில் ஓர் அழுத்தம், தினம் மூன்று முறை பட்டியலின் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புவது, "இன்னும் பன்னிரண்டு மஞ்சள்தான்", "இன்னும் பதினொன்றுதான்" என்று பின்குறிப்பு எழுதுவது. இவற்றில் ஒன்றைக்கூட அவர் சரிசெய்தவர் அல்லர். ஆனால் பன்னிரண்டு பதினொன்றானபோது அவர் அடைந்த பூரிப்பு இருக்கிறதே, அதைச் சரிசெய்தவன்கூட அடைந்திருக்க மாட்டான்.

வெளியீட்டுக்கு முந்தின சனிக்கிழமை பதினொரு மஞ்சள் மீதி இருந்தன. அசுன்சியோனில் ஒரு கலாசார மையத்தில் கூடம் பிடித்தாகிவிட்டது, அழைப்பு போய்விட்டது, முக்கியமான பிழை ஒன்றுகூட மிச்சமில்லாமல் இந்தப் பதிப்பு வெளிவரும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தார். மீதியிருப்பதோ நாலு நாள். சாதாரண மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? ராத்திரி பகலாக உட்கார்ந்து ஐந்தாறு பிழைகளையாவது திருத்துவான், இல்லையென்றால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வான். நம்மவர் சாதாரண மனிதரா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொடுக்கி, பதினொன்றையும் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாற்றினார். பத்து நிமிடம் ஆகவில்லை. முக்கியமானவை பூஜ்யம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முடிஞ்சுது," என்றார். என்ன ஒரு நிம்மதி அந்த முகத்தில்!

ஞா தெயோலிந்தாவின் பிழை அந்தப் பதினொன்றில் ஏழாவது. நிமியா அன்று கூட்டத்துக்கு வரவில்லை.

பச்சைப் பொத்தானை மட்டும் சரிசெய்துவிட்டார்கள். அதற்குச் சிவப்பு லேபிள்.

இனி என் பங்கு. இதுவரை ஓரமாக உட்கார்ந்து சீப்பா தின்றவனாக என்னைக் காட்டிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில் விழுந்த இடம் இது. வெளியீட்டு அறிக்கை எழுதுவது நான் என்று சொன்னேன் அல்லவா? எவுசேபியோ பட்டியலை அனுப்பினார், மஞ்சளுக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது, நானும் ஸ்பானியத்தில் ஒரு முறை, குவரானியில் ஒரு முறை கைநோகாமல் எழுதினேன்: "முக்கியமான பிழைகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டன." எழுதும்போது அந்த ஒன்பது பெயர்கள் நினைவுக்கு வந்தனவா? வந்தன. பட்டியல்படி எழுதுகிறோம், நம் மேல் தப்பில்லை என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். குவரானி வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

கூட்டம் சிறப்பாக நடந்தது. எவுசேபியோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, திரையில் வண்ண வண்ணக் கட்டங்களைக் காட்டி, ஒரு பிழையை வரிசைப்படுத்துவது எப்படி என்று நாற்பது நிமிடம் பேசினார். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ஆறாவதாக ஒரு நிறம் சேர்த்தால் என்ன என்று கேட்டார். எவுசேபியோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புவெர்த்தோ கரந்தாவில் ஞா தெயோலிந்தா அறிக்கையைப் படித்தார். குவரானியில்தான் படித்திருப்பார். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் புதிய பதிப்பை இறக்கி நிறுவினார். முக்கியமான பிழைகள் அனைத்தும் என்று போட்டிருக்கிறதே, மூன்று மாதமாகச் சொல்லி, பெயர் பெயராக எழுதி, முக்கியம் என்று அவர்களே மஞ்சள் ஒட்டிய பிழை அதில் இல்லாமலா போகும்? இந்த முறை தேதியை மாற்றி வைத்துப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார். சனிக்கிழமை மாலை மாலுமி தகவல் சொன்னார், காலை ஆறு மணிக்குப் படகு. அம்மாள் அறிவிப்பைப் பதிவுசெய்து, ஐந்து மணி என்று குறித்து, குய்ராவுக்கு ஊட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒன்பது வீட்டிலும் ஆட்கள் குளித்து, உடுத்தி, பையைக் கட்டி, வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்குப் பாட்டுதான் வந்தது. ஐந்தரைக்கும் பாட்டு. சரி, படகு தாமதம் போலிருக்கிறது, ஆற்றில் தண்ணீர் குறைவு என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கு அம்மாளின் குரல் வந்து, இன்று படகு ஆறு மணிக்கு வருகிறது என்று சொல்லி முடிக்கும்போது துறையில் படகின் சங்கு ஊதியது. துறைக்குப் பக்கத்தில் வீடு இருந்த இரண்டு பேர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். மற்ற ஏழு பேர் முக்கால் மணி நேர நடைத் தூரத்தில் இருந்தவர்கள். அதில் நாலு பேர் தடவித் தடவி நடப்பவர்கள். அவர்களுக்கு அடுத்த முறை நவம்பரில்.

மற்ற நிலையங்களில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிலவற்றில் பாட்டு ஒரு மணி நேரம் தள்ளிப் பாடியது. பாட்டுக்கு யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? சிலர் கணினியின் கடிகாரத்தைக் கையால் முன்னே தள்ளிச் சமாளித்துக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் லேபிள் ஒட்டுவோம் என்று பயந்திருக்கலாம்.

திங்கட்கிழமை ஞா தெயோலிந்தா பட்டியலில் எழுதினார். நடந்ததை நாலு வரியில் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, சும்மா செய்கிற வேலை, எத்தனையோ இருக்கும். குய்ராவை எடுத்துவிட்டேன். இனி தினமும் நாலரைக்கு எழுந்து நானே வாசிக்கிறேன். இப்போது பிரச்சினை இல்லை. இதை மூடிவிடலாம்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது பிழைத்திருப்பேன். அந்தக் கடிதத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

எவுசேபியோ என்ன செய்தார்? அவரும் படித்தார். துக்கப்பட்டார், அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, பாவம் அந்த ஜனங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார், அவர் குரல் உடைந்திருந்தது, நடிப்பு இல்லை. பிறகு பட்டியலைத் திறந்தார். பிழையை எழுதியவரே பிரச்சினை இல்லை என்கிறார், மூடிவிடலாம் என்கிறார், ஆகவே மூடிய பிழைகளுக்கு ஒட்டும் பச்சை லேபிளை ஒட்டினார்: தீர்ந்தது. பாதிக்கப்படும் பயனர்கள் என்ற கட்டத்தில் ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அந்தக் காலாண்டில் தீர்ந்த பிழைகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது.

அன்றைக்கே நிமியா யாரையும் கேட்காமல் அந்த ஒரு வரியை உள்ளே சேர்த்துவிட்டாள். இத்தனைக்கும் கதவுக்குப் பூட்டு கிடையாது. அவளிடம் ஆரம்பத்திலிருந்தே அனுமதி இருந்தது, எங்கள் ஐந்து பேரிடமும் இருந்தது. மரியாதைக்காக நின்றுகொண்டிருந்தோம். அந்த வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க இந்தக் கேள்விய கேட்டு முடிக்கற நேரம்," என்றாள். பிறகு, "அந்த அறிக்கைய எழுதினது நீங்கதானே?" என்றாள். அவள் இப்போது சனிக்கிழமைகளில் வருவதில்லை.

ஆக, இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம் என்று உங்களுக்கு இப்போது தோன்றும். லேபிள், வண்ணம், கட்டம், கூட்டம். உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் முகம்கூட நினைவுக்கு வந்திருக்கும். வரட்டும், நல்லது. ஆனால் லேபிளே ஒட்டாத உட்பிரிவு ஒன்று இருக்கிறது, அதுதான் எண்ணிக்கையில் அதிகம், அதில் நான் ஒருவன் என்பதைச் சொல்லிவிட்டேன். இவர்கள் பட்டியலை மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். யாரோ ஒருவர் உங்களிடம் ஒன்று கேட்டிருப்பார், போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ. ஒரு கையெழுத்து, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வரிப் பதில். பெரிய வேலை இல்லை. இரண்டாம் தடவை நினைவுபடுத்தியிருப்பார், பணிவாக. கவனத்தில் இருக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள், அது பொய்யும் இல்லை. இதைப் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கேயோ அவருடைய பெயர் உங்களுக்கு நினைவு வந்தது. இப்போதும் நினைவிருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக அதை முடித்துவிட வேண்டும் என்று இந்தக் கணத்தில் மனதுக்குள் குறித்துக்கொண்டீர்கள், இல்லையா?

குறித்துத்தான் கொண்டீர்கள்.